தொற்றுநோயியலா, நோய்ப்பரவலியலா?



எபிடெமியாலஜி எனும் துறைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன: தொற்றுநோயியல், கொள்ளைநோயியல், நோய்ப்பரவலியல். நாளிதழ்களில் அதிகம் காண்பது முதல் பெயர். மாணவரை அதிகம் திசைதிருப்புவதும் அதுதான்.

பெயரில் என்ன இருக்கு என்று விட்டுவிட முடியாது. இந்தத் துறையில் முதுநிலைப் பட்டத்தை லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி வழியே படிக்கலாம். பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டப் பிள்ளையும் பட்டம் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே சேர நினைக்கலாம். வளாகத்தில் இருப்பவர் சந்தேகம் வந்தால் விரிவுரையாளரைக் கேட்டுவிடுவார். தொலைவில் இருப்பவருக்குத் துறையின் பெயர்தான் முதல் வழிகாட்டி. கிருமியைப் பற்றிய படிப்பு என்று நம்பிப் பணம் கட்டினால், கைக்கு வருவது புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையோ, "அது டாக்டருங்க படிக்கிறது" என்று ஒதுங்கிவிடும். இரண்டுமே நமக்கு இழப்பு.

சென்னையில் இருக்கும் நிறுவனத்தையே பாருங்கள். 1999-இல் ஒரு தொழுநோய் ஆய்வுப் பிரிவும் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் இணைந்து அது உருவானது. நாளிதழ்கள் அதைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்று எழுதுகின்றன. தொழுநோய் அந்தப் பெயருக்குள் அடங்கும். புள்ளியியல் எங்கே போச்சு?

இத்துறையின் பெரிய சாதனைகளில் ஒன்று, புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் டாலும் ஹில்லும் காட்டியது. அதில் தொற்று இல்லை. நம் நாட்டிலும் 2019 தேசிய உடல்நல ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. அதுவும் இத்துறையின் வேலைதான்.

தொற்றுநோயிலும் இத்துறை செய்வது ஒப்பிட்டு எண்ணுவதே. 1998-99-இல் நிப்பா பரவியபோது, முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசுமருந்தும் தடுப்பூசியும் பலன் தரவில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். யாருக்கு வருது, யாருக்கு வரலை என்ற கேள்விதான் சந்தேகத்தைக் கிளப்பியது. அந்தப் பரவலில் மொத்தம் 105 உயிர்கள் போயின.

ஆக, நோய்ப்பரவலியல் என்பதே பொருத்தம். புள்ளியியலில் 'இயல்நிலைப் பரவல்' என்கிறோமே, அந்தப் பரவல்தான் இது: எது எங்கே எவ்வளவு விரவிக் கிடக்கு என்பது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. ஏற்கெனவே நோயுள்ளவர் விகிதத்தையும் சிலர் 'நோய்ப்பரவல்' என்றே எழுதுகிறார்கள். துறைக்கும் அளவைக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்தான்.

அளவைகளுக்கு எளிய சொல் போதும். ஒரு லயத்தில் 200 பேர், அவர்களில் 30 பேருக்கு ஏற்கெனவே இனிப்புநீர் என்று வைத்துக்கொள்வோம். அது 'உள்ள நோயாளர் வீதம்': 15 விழுக்காடு. மீதி 170 பேரில் இந்த ஆண்டு 5 பேருக்குப் புதிதாக வந்தால், அது 'புது நோயாளர் வீதம்': சுமார் 3 விழுக்காடு. எதை எதால் வகுக்கிறோம் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

படிவம் 4, 5 கருத்துணர் பயிற்சிக்கு நோய் பற்றிய செய்தி ஒன்றை எடுக்கும்போது, "எத்தனை பேரில் எத்தனை பேர்? புதியவர்களா, பழையவர்களா?" என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளையிடம் இந்தத் துறையின் பெயரையும் சொல்லி வையுங்கள்.