தேறியவர்களும் தேறாதவர்களும்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பரம்பரை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மாணவர்கள் என்று பட்டியல் போட உட்காருகிறவருக்கு முதல் பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடும். சி.வி. ராமன் படித்தது மாநிலக் கல்லூரியில். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் கிறித்துவக் கல்லூரி மாணவர். அண்ணா பச்சையப்பன் கல்லூரிக்காரர். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பட்டப்படிப்பில் இவர்களுக்குப் பாடம் நடத்தியவை கல்லூரிகள்தான். பல்கலைக்கழகம் கேள்வித்தாள் தயாரித்தது, விடைத்தாள் திருத்தியது, பட்டம் கொடுத்தது.

அது தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் 1839இல் ஆளுநரிடம் தரப்பட்டது. பலன் கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1857 செப்டம்பர் 5 அன்று, லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்தும் அமைப்பாகச் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தானே பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது; ஆய்வுத் துறைகள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

ஆகவே இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் வரலாறு என்பது பெரும்பாலும் ஒரு தேர்வின் வரலாறு. அந்தத் தேர்வு யாருக்குக் கதவைத் திறந்தது, யாரை வெளியே நிறுத்தியது, உள்ளே வந்தவர்கள் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்தால், பெருமைப் பட்டியல்களில் சிக்காத பல செய்திகள் கிடைக்கும்.

முதல் இருவர்

1858இல் முதல் பி.ஏ. தேர்வு முடிந்தபோது தேறியிருந்தவர்கள் இரண்டே பேர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கறல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் தமிழும் சேர்த்துப் படித்தவர்கள். செமினரி 1855இல் மூடப்பட்டுவிட்டது. அது ஊட்டிய கல்விக்கு முத்திரை குத்தியது கடல் கடந்து சென்னையில் நடந்த தேர்வு. சொந்த மாணவர்கள் என்று எவரும் இல்லாத பல்கலைக்கழகத்தில் வெளியூர்க்காரர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகமும் தன் முதல் பட்டதாரிகள் இருவரைக் கண்டது. அவர்களில் ஒருவர் பங்கிம் சந்திரர். அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் வங்க நாவலை வளர்த்தார். தாமோதரம் பிள்ளையின் பாதையும் ஏறத்தாழ அதுவே. அரசுக் கணக்குத் துறையில் வேலை, பிறகு 1871இல் பி.எல்., கும்பகோணத்தில் வக்கீல் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதி. நடுவில் கிடைத்த நேரமெல்லாம் ஏட்டுச் சுவடிகளுக்குப் போனது. தொல்காப்பியச் சேனாவரையம் 1868இல், வீரசோழியம் 1881இல், பொருளதிகாரம் 1885இல், கலித்தொகை 1887இல் என்று அவர் பதிப்புகள் வந்தன. எட்டுத்தொகையில் முதலில் அச்சேறியது அந்தக் கலித்தொகைதான். எடுக்கும்போதே ஓரம் ஒடிவதும், கட்டவிழ்த்தால் இதழ் முறிவதுமாக ஏடுகள் அழிந்துகொண்டிருந்த நிலையைப் பதிப்புரைகளில் எழுதிவைத்தார்.

அவர் எழுதிய பி.ஏ. தேர்வு இந்த வேலைக்கு அவரைத் தயார் செய்யவில்லை. தேர்வு உத்தியோகத்தைக் கொடுத்தது, உத்தியோகம் சம்பளத்தைக் கொடுத்தது, சம்பளம் அச்சுக்கூடத்துக்குப் போனது. பின்னால் வந்த பலருடைய வாழ்க்கையும் இந்த வரிசையில்தான் நடந்தது.

கோர்ட்டும் பத்திரிகையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் பி.ஏ. முடித்தவர் அடுத்துப் பார்த்தது பி.எல்.தான். 1878இல் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைக் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்ல இந்தியர் கையில் பத்திரிகை இல்லை. ஆசிரியர் வேலை பார்த்த ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த நால்வரும் சேர்ந்து, ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று எண்பது பிரதி அச்சிட்டார்கள். ‘தி இந்து’ இப்படித்தான் வாரப் பத்திரிகையாகத் தொடங்கியது. ஒரு பட்டதாரிக்குக் கிடைத்த பதவிக்காக வேறு சில பட்டதாரிகள் பேனா எடுத்த கதை இது. நான்கு ஆண்டுகளில் சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கி, ஆங்கிலம் தெரியாதவர்களிடமும் அரசியலைக் கொண்டுபோனார்.

மலபாரிலிருந்து வந்து மாநிலக் கல்லூரியில் படித்த சேட்டூர் சங்கரன் நாயர் அதே சட்ட வழியில் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1897இல் காங்கிரஸ் தலைவர். பிறகு வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம். 1919 பஞ்சாப் அடக்குமுறையைக் கண்டித்து அந்தப் பதவியைத் தூக்கியெறிந்தார்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டம் பெற்றவர்களில் மிகப் பெரும்பகுதியினர் பிராமணர்கள். அரசு வேலைக்குப் பட்டமே நுழைவுச் சீட்டாக இருந்ததால் தேர்வு முடிவு அப்படியே அதிகாரப் பங்கீடாக மாறியது. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை எடுத்துக்காட்டியது இந்தக் கணக்கைத்தான். நீதிக்கட்சியின் ஆட்சியும் வகுப்புவாரி ஆணைகளும் அந்தக் கணக்கை மாற்றுவதற்கு வந்தவை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது உண்மை. தேர்வுக் கூடம் வரை யாரால் வர முடிந்தது என்பதும் உண்மை.

பல்கலைக்கழகத்தின் பேரேட்டில் இருக்கும் இரண்டு பெயர்களை அருகருகே வைத்தால் அரை நூற்றாண்டுத் தமிழக அரசியல் விளங்கிவிடும். ராஜாஜி, அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ. படித்து, சென்னையில் சட்டம் முடித்தவர். அண்ணா, காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நகராட்சியில் எழுத்தராக இருந்துவிட்டுக் கல்லூரிக்குப் போய் பி.ஏ. ஆனர்ஸ் பெற்றவர். 1938இல் ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்ப்பு மேடைகளில் அண்ணா நின்றார். 1967 தேர்தலில் இருவரும் ஒரே அணி. அந்தத் தேர்தல் அண்ணாவை முதல்வராக்கியது.

இரண்டு விதிவிலக்குகள், ஒன்றுதான் கிடைத்தது

சீனிவாச ராமானுஜன் இப்பல்கலைக்கழகத்தின் மாணவர்தானா? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் ஒட்டாமல் அதை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா. அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதன்பின் இங்கே நடந்த சிபாரிசுகளும் சேர்ந்து பல்கலைக்கழகத்தை ஒரு முடிவுக்குத் தள்ளின. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கென்று இருந்த ஆய்வு உதவித்தொகையை, இளங்கலைப் பட்டம்கூட இல்லாத ஒருவருக்குத் தரலாமா? தரலாம் என்றது சிண்டிகேட். மாதம் 75 ரூபாய். நிபந்தனை, மூன்று மாதத்துக்கொரு அறிக்கை. 1914 மார்ச்சில் கப்பலேறுவதற்கு முன் ராமானுஜன் அந்த அறிக்கைகளை எழுதிக் கொடுத்தார். 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இன்றும் பல்கலைக்கழக நூலகத்தின் சொத்து.

இன்னொரு கோப்பு 1945இல் வந்தது. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த அன்னா மணி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, வைரமும் மாணிக்கக் கல்லும் ஒளியை உமிழும் விதத்தை ஆராய்ந்தார். தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். அங்கே நடந்த ஆய்வுக்கு அன்று பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. இல்லாதவருக்குப் பிஎச்.டி. தர முடியாது என்று பல்கலைக்கழகம் கைவிரித்துவிட்டது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவியியல் கற்றார். 1948இல் திரும்பிவந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கருவிகளை இங்கேயே செய்யும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1980இலும் 1981இலும் அவர் வெளியிட்ட இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவு நூல்கள் சூரிய ஆற்றல் பொறியாளர்களுக்கு ஆதார நூல்களாயின.

1913இல் விதி வளைந்தது, 1945இல் வளையவில்லை. ராமானுஜனுக்காகப் பேசத் துறைமுகக் கழகத் தலைவரும் பேராசிரியர்களும் கேம்பிரிட்ஜ் கடிதமும் இருந்தன. விதி இளகுவது திறமையைப் பார்த்து மட்டுமல்ல, திறமைக்குச் சாட்சி சொல்ல யார் வருகிறார்கள் என்பதையும் பார்த்துத்தான்.

அறிவியலில் ஒரு வரிசை

ராமன் 1906இல், இன்னும் மாணவராக இருக்கையிலேயே, லண்டன் ‘பிலாசபிகல் மேகசின்’ இதழில் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். 1907இல் எம்.ஏ. முடித்து நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனார். அலுவலகம் போக மிச்ச நேரத்தில் ஆய்வு. 1930இல் நோபல் பரிசு. அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் அதே மாநிலக் கல்லூரியில் படித்து, அதே 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அவருக்கு நோபல் 1983இல். கணிதத்தில் அதே கல்லூரியிலிருந்து போன எஸ்.ஆர்.எஸ். வரதன் 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் பி.இ. முடித்த ராஜ் ரெட்டிக்குக் கணினித் துறையின் டூரிங் விருது 1994இல் கிடைத்தது.

இவ்வளவுக்கும் பாடத்திட்டமே காரணம் என்று சொல்ல வழியில்லை. லயோலா கல்லூரியைப் பார்த்தால் தெரியும். சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் அங்கே கணிதம் கற்பித்தார். பாரிஸில் அன்று உருவாகிக்கொண்டிருந்த புதுக் கணிதத்தை நேரில் அறிந்தவர். தேர்வுக்கு வராத அந்தக் கணிதத்தை ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தி, பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்கு வழிகாட்டினார். அப்படிப் போனவர்களில் இருவர் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். 1965இல் அவர்கள் சேர்ந்து நிறுவிய தேற்றம் இருவர் பெயராலும் உலகமெங்கும் வழங்குகிறது. சேஷாத்ரி பின்னர் சென்னைக்குத் திரும்பி, இன்று சென்னைக் கணிதக் கழகம் என்று அறியப்படும் நிறுவனத்தை 1989இல் தொடங்கினார். அதே லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்த வர்கீஸ் குரியன், அரசு உதவித்தொகைக்கு ஈடாக வேலை செய்ய 1949இல் குஜராத்தின் ஆனந்துக்குப் போய், பால் கூட்டுறவில் நிலைத்துவிட்டார்.

பெண்களும் தனித்தேர்வர்களும்

புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்த முத்துலட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சட்டமன்றத் துணைத்தலைவர். அவர் தொடுத்த தேவதாசி ஒழிப்புப் போராட்டம் சட்டமாக 1947 வரை காத்திருந்தது. 1930இல் அவ்வை இல்லமும் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் கையால் எழுந்தன.

கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு 1940-களின் தொடக்கத்தில் மூன்று பெண்கள் வந்தார்கள்: ஏ. லலிதா, பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ். பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு இருந்த லலிதா மின்பொறியியல் படித்தார். அவர்களுக்குத் தரவேண்டிய சான்றிதழ்ப் படிவமோ ஆண்களை மட்டும் நினைத்து அச்சிடப்பட்டது. அச்சில் ஆண்பாலாக இருந்ததை மையால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். லலிதா பிறகு பக்ரா நங்கல் அணைத் திட்டப் பணியில் பங்கேற்றார்.

தேர்வு மட்டுமே நடத்தும் பல்கலைக்கழகத்தால் ஒரு பெரிய நன்மையும் விளைந்தது. கல்லூரி வாசல் மிதிக்காதவரும் வீட்டில் படித்துத் தேர்வு எழுதலாம். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடல்நலக் குறைவால் வேலையை விட்ட மு. வரதராசன், 1935இல் தனித்தேர்வராக வித்துவான் தேர்வு எழுதி மாநிலத்தில் முதலிடம் பெற்றார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசும் அவருக்கே. பி.ஓ.எல்., எம்.ஓ.எல். என்று தேர்வு தேர்வாக ஏறி, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கான முதல் பிஎச்.டி. பட்டத்தைப் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மு.வ.வின் நாவல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தத் தாலுகா ஆபீஸ் கதை அதிகம் தெரியாது.

பட்டமே இல்லாதவர் உ.வே. சாமிநாதையர். கும்பகோணத்திலும் மாநிலக் கல்லூரியிலும் பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அவருக்கு 1932இல் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. அதற்குள் அவருக்கு வயது எழுபத்தேழு.

பட்டியலை எப்படிப் போடுவது

ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926இலும் அண்ணாமலை 1929இலும் மதுரை 1966இலும் தோன்றின. தென்னிந்தியா முழுவதற்கும் தேர்வு வைத்த காலம் போய், எல்லை சுருங்கிச் சுருங்கி இன்று சென்னையும் சுற்றுப்புறமும் என்றாகிவிட்டது. ஆனாலும் பழைய பெயர்களின் பெருமை பட்டமளிப்பு விழா மேடைகளில் குறைவில்லாமல் ஒலிக்கிறது. நோபல் இத்தனை, குடியரசுத் தலைவர்கள் இத்தனை என்ற கணக்கு ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது.

அந்தக் கணக்கில் பிழையில்லை, போதாமை உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று செய்திகள் சேர்த்து எழுதப்பட்டால் அது வரலாறாகும்: எந்தக் கல்லூரி, எந்த ஆசிரியர்; எந்த விதி உதவியது அல்லது தடுத்தது; பட்டம் வாங்கிய துறைக்கும் செய்த வேலைக்கும் என்ன உறவு. அப்படி எழுதினால் சேஷாத்ரிக்குப் பக்கத்தில் ரசீனும் வருவார். ராமானுஜனுக்குப் பக்கத்தில் அன்னா மணி வருவார். இணைவுக் கல்லூரிகளில் இன்று அரியர் வைத்துக்கொண்டு நூலகத்தில் வேறு புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் அந்தப் பட்டியல் துணைவேந்தர்களுக்குப் பயன்படும்.