மறதியின் மூச்சு: இஷிகுரோவின் ஆர்தர் கதையை ரசிப்பது எப்படி?

ஆர்தர் அரசர் கதை என்றதும் வட்டமேசை, மந்திர வாள், லான்சலாட்டின் காதல் எல்லாம் வாசகர் மனதில் வரிசைகட்டி நிற்கும். கசுவோ இஷிகுரோ 2015இல் வெளியிட்ட ‘தி பரீட் ஜயன்ட்’ நாவலில் ஆர்தர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆர்தரின் வட்டமேசை வீரரான கவெய்ன், துருவேறிய கவசத்துடன் கிழவராக அலைகிறார். மகனின் ஊரைத் தேடி அக்ஸல், பியாட்ரிஸ் என்ற முதிய தம்பதி நடந்துகொண்டே இருக்கிறார்கள். டிராகனோ எழவும் தெம்பில்லாமல் மெலிந்து கிடக்கிறது. வாசகர்கள் இரண்டுபட்டதில் வியப்பில்லை. கதை நகரவில்லை, பேச்சு சலிப்பூட்டுகிறது, சண்டை தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது என்ற குறைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. அவை குறிப்பிடும் இடங்கள் உண்மையானவை. ஆனால் நாவலுக்குள் நுழையும் வழியும் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

அந்த டிராகனின் மூச்சு மூடுபனியாகப் பரவி நாட்டு மக்களின் நினைவை அழிக்கிறது. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் ‘இங்கே யார் எதை மறந்தார்கள்?’ என்று கேட்டபடி படியுங்கள். தொடக்கத்தில் மார்த்தா என்ற சிறுமி காணாமல் போகிறாள். ஊரே பதறுகிறது. நடுவில் ஒரு கழுகைப் பற்றிப் பேச்சு எழுகிறது. சற்று நேரத்தில் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்ததே ஒருவருக்கும் நினைவில்லை. அவளாகத் திரும்பி வரும்போதும் யாரும் திடுக்கிடுவதில்லை. பேய் பிசாசு எதுவும் இல்லாமலே வயிற்றைக் கலக்கும் பகுதி இது. இதை நிதானமாகப் படித்தவருக்கு, அக்ஸல் வாய்க்கு வாய் மனைவியை ‘இளவரசி’ என்று அழைப்பதும், முன்னே நடக்கும் அவள் அவன் பின்னால் வருகிறானா என்று கேட்டுக்கொண்டே போவதும் சலிக்காது. சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருக்கையில், ஒருவர் குரலே மற்றவருக்குப் பிடிமானம்.

ஆர்தர் கதையைச் சிதைத்துவிட்டார் என்போருக்கு அந்தக் கதையின் வரலாறே பதில் சொல்லும். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி, பேடன் போரில் பிரிட்டன்களிடம் சாக்சன்கள் தோற்றதையும், பின்னர் முந்தைய போர்களின் பேரழிவை அறியாமல் அமைதியில் வளர்ந்த தலைமுறையையும் குறிப்பிடுகிறார். ஆர்தர் என்ற பெயரைச் சொல்லவே இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனம்’ அந்தப் போரில் ஒரே பாய்ச்சலில் 960 பேர் ஆர்தர் கையால் விழுந்ததாகப் பெருமை பேசுகிறது. லான்சலாட் இந்தக் கதைக்குள் வந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியான் தெ த்ருவா வழியாக. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டது. வென்றவர்களின் கணக்கில் வெறும் எண்ணாகக் கிடக்கும் சாக்சன்களின் பக்கம் இஷிகுரோ திரும்புகிறார். ஆர்தரின் ஆட்கள் சாக்சன் ஊர்களில் குழந்தைகளையும் விடாமல் கொன்றார்கள். அந்த நினைவு பழிவாங்கக் கிளம்பாதிருக்கவே மந்திரவாதி மெர்லின் டிராகன்மீது மந்திரம் ஏவினான். இது தெரிந்த பிறகு டிராகனின் மெலிவு ஏமாற்றம் தராது. ஒரு நாட்டின் அமைதி முழுவதும் இந்த நோஞ்சான் பிராணியின் மூச்சில் தொங்குகிறதே என்ற பயம்தான் வரும்.

எழுத்தாளர்களிடமிருந்தும் மறுப்புகள் வந்தன. தன் நூலை வாசகர்கள் மாயக் கதை என்று எண்ணிவிடுவார்களோ என்று இஷிகுரோ ஒரு நேர்காணலில் சொன்னது உர்சுலா லெ குவினைப் புண்படுத்தியது. அந்தக் கோபம் நியாயமானது. ஓக்ரே எனும் அரக்கர்களையும் டிராகனையும் எடுத்துக்கொண்டவர் அவை பிறந்த வகைமையைக் கண்டு கூசத் தேவையில்லை. ஆனால் நேர்காணலில் இருந்த கூச்சம் நாவலில் இல்லை. நூலை உயர்வாக மதித்த நீல் கெய்மன், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உருவகம் காத்திருப்பதாகத் தோன்றியதால் அதன்மீது காதல் கொள்ள முடியவில்லை என்றார். இது கனமான மறுப்பு. மூடுபனி என்றால் மறதி, டிராகன் என்றால் அரசின் பொய் என்று சமன்பாடு போட்டுவிட்டால் நாவல் அங்கேயே செத்துவிடும். அப்படிச் சுருங்காமல் காப்பது முதிய தம்பதியின் கதை. டிராகனைக் கொன்று உண்மையை வெளிக்கொணர வேண்டும் என்று சாக்சன் வீரன் விஸ்டனின் பக்கம் நம் மனம் சாயும்போதே, அதே பனி அக்ஸலும் பியாட்ரிஸும் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட துரோகங்களையும் மூடியிருப்பது மெல்லத் தெரியவருகிறது. இனப்படுகொலை மறக்கப்படக் கூடாது என்று உறுதியாகச் சொல்லும் அதே வாசகர், இவர்கள் மட்டும் மறந்தே இருக்கட்டும் என்று விரும்பத் தொடங்குகிறார்.