நடந்தே இறங்கும் கடல்

கூத்தாநல்லூரைச் சின்னச் சிங்கப்பூர் என்பார்கள். சிங்கப்பூர், மலேசியா என்று சபர் (பயணம்) போனவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்கூபா இன்று எட்டாத சங்கதி இல்லை. முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் போக வழி இரண்டு: கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், படகில் போய் ஆழத்தில் குதிக்கலாம். புதிதாக வருகிறவர்கள் படகைத்தான் உயர்வாக நினைக்கிறார்கள். கரையோரத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம். கடலடியை ரசிப்பதுதான் நோக்கம் என்றால், முதல் சில முறை கரையிலிருந்து இறங்குவதே மேல் என்பது என் கட்சி. படகின் பெருமை முத்துக்குளித்த காலத்திலிருந்து வருவது. 1961-இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த காலம் வரை, சிப்பி விளையும் பார்கள் கரைக்குப் பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் கிடந்ததால் தோணி இல்லாமல் வேலை நடக்காது. கல்லின் பாரத்தில் சரசரவென்று அடிக்குப் போய், ஒரே மூச்சில் சிப்பியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வரவேண்டும். குளியாள் போனது அள்ளுவதற்கு. வேடிக்கை பார்க்க அவருக்கு ஏது மூச்சு?

பார்க்கப் போகிறவருக்குக் கணக்கே வேறு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு. இழுக்கும் காற்றும் அதே மடங்கில் கூடும். இருபது மீட்டரில் அரை மணி வரும் உருளை, அதே நிதானத்தில் மூச்சுவிட்டால் ஐந்து மீட்டரில் ஒரு மணி வரும். வெளிச்சமும் ஆழம் குறைந்த நீரின் கட்சிதான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை; இருபது மீட்டரில் டார்ச் அடிக்காவிட்டால் செம்மீனும் சாம்பல் மீன்தான். ஆழமில்லாத மணல் தரையில் ஒரு வளைக்கு முன்னால் அசையாமல் இருந்து பாருங்கள். பார்வை மங்கிய சின்ன இறால் ஒன்று உள்ளேயிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். அதன் மீசை வாசலில் காவல் நிற்கும் விரலளவு மீனின் மேலேயே இருக்கும். மீன் வாலைச் சிலிர்த்தால் இறால் உள்ளே. இதைக் காணப் பத்து நிமிடமாவது பொறுமை வேண்டும். வழிகாட்டியின் பின்னால் ஓடும் படகுக் குழுவுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பது அரிது.

நம் கரையில் இறங்கினால் எதிரே நீட்டிய கையே தெரியாதே என்பீர்கள். உண்மைதான். வயலை வளர்த்த ஆற்று வண்டல்தான் கடலையும் கலங்கலாக்குகிறது. நாகப்பட்டினத்துக் கரையில் ரசிக்க இறங்கச் சொல்வது அபத்தம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளோ 1986 முதல் தேசியப் பூங்கா, நினைத்தபடி போக முடியாது. ஆனால் திருகோணமலைப் பக்கம், மே முதல் செப்டம்பர் வரை கடல் பொதுவாகத் தெளிந்து அடங்கியிருக்கும். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. போகத்தான் படகு, போன பிறகு மூச்சுக்குழல் ஒன்று இருந்தால் தீவின் கரையிலிருந்தே பவளப்பாறைக்கு மேல் மிதக்கலாம். மலேசியாவில் பெர்ஹெந்தியான் தீவுகளிலும் கரையிறக்கம் உண்டு; வடகிழக்குப் பருவக்காற்றில் மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

இருபது கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு அலையில் நடப்பது முழங்காலுக்கு ஆகாது என்பதையும் மறுக்க முடியாது. முதுகுவலிக்காரருக்குப் படகே சரி. மற்றவர்கள் இறங்குமுன் கால் மணி நேரம் நின்று அலையைப் பார்க்கட்டும். உடையும் அலை இடுப்புக்கு மேல் வந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். பவளத்தை மிதிக்காமல் மணல் வழியாகவே போகவேண்டும். படகால் மட்டுமே ஆகும் காட்சிகளும் இருக்கின்றன. 1942-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மீஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே நாற்பது மீட்டர். அதைத் தாண்டத் தனிப் பயிற்சி வேண்டும். அது ரசனையின் கடைசிப் பாடம். அரிச்சுவடியை அங்கே தொடங்குவானேன்?

மேலே வருமுன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தங்கி வரவேண்டும் என்பது இரு சாராருக்கும் பொது வழக்கம். படகுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் வெறும் நீலம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தொங்குவார். கரைக்காரருக்கு அந்த ஐந்து மீட்டரில் தரையே இருக்கிறது. இறாலின் வீட்டு வாசலிலேயே மூன்று நிமிடம் கழிந்துவிடும்.