ஸ்விட்ச் மாற்றினால் பாட்டு இனிக்குமா?

போன மாசம் மச்சினன் ஒரு வீடியோ அனுப்பி, "மாமா, இதை வாங்கலாமா?" என்று கேட்டான். பாட்டு கேட்பதற்கென்றே செய்த நெட்வொர்க் ஸ்விட்சாம். விலை அறுபதாயிரத்துக்கு மேல். சாதாரண எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்கே கிடைக்கிறது. அவனுடைய ஸ்பீக்கர் ஜோடியே முப்பதாயிரம்தான். சரி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அதையும் அதைப்போல இன்னும் நாலு வீடியோவையும் முழுசாகப் பார்த்தேன்.

எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். திரை விலகியதாம், பாடகர் எதிரே வந்து நின்றாராம், பேஸ் இறுகியதாம். கேட்பவருக்கு எந்தப் பெட்டி மாட்டியிருக்கிறது என்று முன்னமே தெரியும். என் குறை அதுதான். நான் பார்த்த ஐந்திலும், வேறு ஒருவரை மாற்றச் சொல்லி, எதுவென்று தெரியாமல் கேட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. 2015-ல் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ்க்காரர்கள் லாஸ் வேகாஸில் இதைச் செய்தார்கள். சுமார் 340 டாலர் ஈதர்நெட் கேபிளையும் சாதாரணக் கேபிளையும் மாற்றி மாற்றி மாட்டினார்கள். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியாது? சிடி தரப் பாட்டுக்கு விநாடிக்கு 44,100 தடவை, ஒவ்வொரு தடவையும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் 14 லட்சம் பிட் சொச்சம். 100 எம்பிபிஎஸ் லைனில் இது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. ஒவ்வொரு ஈதர்நெட் பொட்டலத்தின் வாலிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் இருக்கிறது. கெட்டுப்போன பொட்டலம் அங்கேயே குப்பைக்குப் போகும், டிசிபி மறுபடி கேட்டு வாங்கும். வந்ததெல்லாம் பிளேயரின் நினைவகத்தில் காத்திருந்து, டிஏசி தன் கடிகாரப்படி எடுத்து வாசிக்கிறது. ஸ்விட்ச் கொடுத்த தாளத்தை அது பார்ப்பதே இல்லை.

"பிட்டு சரிதான் மாமா, கரண்ட் இரைச்சல் கேபிள் வழியா வருமே?" என்றான். நல்ல கேள்வி. கொஞ்சம் வரலாம். ஈதர்நெட் போர்ட்டில் சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, 1,500 வோல்ட் தாங்கவேண்டும் என்பது தரநிலை. பெரும்பாலானதை அது தடுத்துவிடும். உலோகத் தலை வைத்த ஷீல்டு கேபிள் போட்டால் நாமே எர்த் இரைச்சலுக்கு வழி திறந்துவிடுகிறோம், எனவே ஷீல்டு இல்லாததே போதும். சோதிக்கக் காசு வேண்டாம். பாட்டு ஓடும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். நினைவகத்தில் இருக்கும்வரை பாட்டு தொடரும். அப்போது சத்தம் மாறவில்லை என்றால் கேபிள் வழியாக எதுவும் வரவில்லை.

பாலக்கோட்டில் அவன் வீட்டு மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்ய உட்கார்ந்தோம். பிடுங்குவதற்குக் கேபிளே இல்லை! ரவுட்டர் கீழே டிவிக்குப் பின்னால். பிளேயர் மாடியில், நடுவில் கான்கிரீட் தளம், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. செயலியில் ஒலித்தரம் 'ஆட்டோ'. சிக்னல் தளர்ந்தால் செயலி சத்தம் போடாமல் பிட் அளவைக் குறைத்துவிடும். நெட்வொர்க்கால் பாட்டு கெடுவது உண்மைதான், ஆனால் இப்படித்தான் கெடும். மாடிப்படி ஜன்னல் வழியாக இருபது மீட்டர் கேட்-6 இழுத்தோம், தரத்தை உச்சத்தில் நிறுத்தினோம். கரண்ட் கண்சிமிட்டும்போது ரவுட்டர் அணைந்து எழுவதற்கு ஒரு மினி யுபிஎஸ். எல்லாம் மூவாயிரத்துக்குள் முடிந்தது. பிறகு பாட்டு நடுவில் நிற்கவில்லை. கேபிளைப் பிடுங்கியும் பார்த்தோம், இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று: இளையராஜாவின் எண்பதுகள் பாட்டு பலதும் ஒரே செயலியில் இரண்டு மூன்று ஆல்பங்களில் கிடக்கிறது. ஒன்று பளிச்சென்று இருக்கும், இன்னொன்று தேய்ந்த டேப். அந்த வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டாலும் கேட்கும்.

மச்சினனுக்கு இன்னும் பாதி மனசுதான். நண்பரிடமிருந்து அந்த ஸ்விட்சை இரவல் வாங்கி வருகிறானாம். வரட்டும். காசு சுண்டிப் பத்து தடவை மாற்றுவேன், அவன் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒன்பது சரியாகச் சொன்னால், குருட்டுப்போக்கில் அது நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். நானே பாதிப் பணம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.