மறுநாள் இல்லாத காதல்

துணிச்சல் என்ற சொல் நம்மிடையே மிகவும் மலிந்து போய்விட்டது. சமூகம் ஒப்புக்கொள்ளாத உறவு ஒன்றை ஒரு படம் கையில் எடுத்துக்கொண்டால் போதும், அது துணிச்சலான படம். துணிச்சலான படம் என்றால் நல்ல படம். இந்த இரண்டாவது தாவல் எப்படி நிகழ்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சில வாரங்களுக்கு முன் நண்பர்களிடையே, வயதில் மூத்த பெண்ணுக்கும் இளைஞனுக்கும் இடையே உண்டாகும் காதலைச் சொன்ன படங்கள் பற்றிப் பேச்சு வந்தது. எல்லோர் வாயிலும் முதலில் வந்த பெயர் ஹால் ஆஷ்பியின் 'ஹெரால்ட் அண்ட் மோட்'. காரணம் கேட்டேன். கதாநாயகிக்கு 79 வயது, இதற்கு மேல் என்ன துணிச்சல் வேண்டும் என்றார்கள்.

வயது கூடக்கூடத் துணிச்சலும் கூடுகிறது என்ற இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தை மறுபடியும் பார்த்தேன். இது மூன்றாவது தடவை. முதல் தடவை பார்த்தபோது நான் வசமிழந்த படம்தான் இது. ஆகவே இங்கு சொல்லப்போவது எதிராளியின் வாதம் அல்ல.

படம் 1971 டிசம்பரில் வெளியாயிற்று. காலின் ஹிக்கின்ஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்பட மாணவராக இருந்தபோது எழுதியது இதன் மூலம். வெளியானபோது தோல்வி. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பிறகு கல்லூரி நகரங்களிலும் சின்னக் கொட்டகைகளிலும் மெல்ல மெல்ல அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது. மின்னெசோட்டாவில் ஒரு தியேட்டரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியதில், வேறு படம் போடச் சொல்லி அக்கம்பக்கத்தவர்கள் அட்டை ஏந்தி நின்றார்கள். 1997இல் அமெரிக்க அரசின் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இந்த வெற்றிக் கதை நம் விஷயமல்ல. ஒரு கலகம் ஸ்தாபனமாகிவிட்ட வழக்கமான கதைதான் அது.

கதை சுருக்கமானது. பணக்கார வீட்டுப் பையன் ஹெரால்ட். 20 வயதை ஒட்டியவன். தாயின் கண்ணெதிரே பொய்த் தற்கொலைகளை நடத்திக்காட்டுவதும், முன்பின் தெரியாதவர்களின் சவ அடக்கத்துக்குப் போவதும் அவன் பொழுதுபோக்கு. அப்படி ஒரு சாவில் மோடைச் சந்திக்கிறான். அவளுக்கும் அதே பொழுதுபோக்கு; ஆனால் காரணம் வேறு. பிறர் காரை எடுத்து ஓட்டுகிறாள். நகரத்துப் புகையில் வாடும் மரத்தைப் பெயர்த்துக் காட்டில் கொண்டுபோய் நடுகிறாள். அவனுக்குப் பாஞ்சோ வாசிக்கக் கற்றுத் தருகிறாள். அவன் காதலிக்கிறான். மணம் செய்துகொள்ள நினைக்கிறான். அவளோ 80ஆவது பிறந்த நாளன்று, முன்பே தீர்மானித்திருந்தபடி, மாத்திரைகளை விழுங்கிவிட்டு இறந்துபோகிறாள்.

முதலில் இந்தப் படத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் வயதைச் சொல்கின்றன, காட்டுவதில்லை. 1967இல் வந்த 'தி கிராஜுவேட்' படத்தில் மிஸஸ் ராபின்ஸன் பெஞ்சமினுக்குத் தாய் வயதுக்காரி என்று நாம் நம்ப வேண்டும். அந்த வேஷம் போட்ட ஆன் பான்கிராஃப்ட் பிறந்தது 1931இல். பெஞ்சமினாக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் 1937இல். இடைவெளி ஆறு வருஷம்கூட இல்லை. நம் பக்கம் 1975இல் பாலசந்தர் எடுத்த 'அபூர்வ ராகங்கள்' இன்னும் ஒரு படி மேல். வளர்ந்த பெண்ணுக்குத் தாயான பாடகி பைரவியாக வந்த ஸ்ரீவித்யாவுக்கும், அவளைக் காதலிக்கிற பிரசன்னாவாக வந்த கமல்ஹாசனுக்கும் நிஜத்தில் ஒன்றரை வயதுகூட வித்தியாசமில்லை. இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். பாலசந்தர் இந்த உறவை வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொல்லும் விடுகதையாக வைத்துக்கொண்டார். மகள் அவன் அப்பாவை விரும்புகிறாள், தாய் மகனை, முறை என்னவாகும்? விடுகதைக்கு உடம்பு தேவையில்லை. முறை தெரிந்தால் போதும். பார்வையாளன் அதிர்ச்சியை வார்த்தையில் வாங்கிக்கொள்கிறான். கண்ணுக்கு முன்னால் இருப்பதோ பொருத்தமான இளம் ஜோடி. கண்ணுக்கு எந்தச் சங்கடமும் கிடையாது.

ஆஷ்பியிடம் இந்த மோசடி இல்லை. ரூத் கார்டன் பிறந்தது 1896இல். ஹெரால்டாக நடித்த பட் கார்ட் 1948இல். 51 வருஷம் நிஜமாகவே நடுவில் இருக்கிறது. காமிரா அந்த முகத்தின் சுருக்கங்களுக்கு அருகில் போகிறது. கழுத்துத் தோலை ஒளி மென்மையாக்கித் தரவில்லை. இது சாதாரண நேர்மை இல்லை.

இன்னொன்று. படத்தின் நடுவே, நீர்க்கரையில் சூரியன் இறங்குகிற நேரத்தில், இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெரால்ட் அவள் கையைப் பிடிக்கிறான். முன்கையில் பச்சை குத்திய எண்கள். ஒரு விநாடி. அவன் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம், அவள் பறவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வியன்னாவில் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பது மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. நாஜி முகாமில் இருந்து மீண்டவள் என்று அந்த விநாடியில் புரிகிறது. அதுவரை கொஞ்சம் சலிப்பூட்டத் தொடங்கியிருந்த அவளுடைய 'வாழ்க்கையை வாழ்' உபதேசங்கள் எல்லாம் பின்னோக்கிக் கனம் பெறுகின்றன. நம் சினிமாக்காரர் கையில் இது சிக்கியிருந்தால் ஒரு பின்கதைக் காட்சி, ஒரு பாட்டு, ஒரு கண்ணீர். ஆஷ்பி ஒரு விநாடி போதும் என்று நம்பினார். பார்க்கிறவன் மேல் அவருக்கு மரியாதை இருந்தது.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் கேள்வி.

ஹெரால்ட் மோடை மணக்கப்போவதாகச் சொன்னதும் மூன்று பேர் வரிசையாக வந்து காமிராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். ராணுவத்து மாமா, பின்னால் நிக்ஸன் படம். மனோதத்துவ வைத்தியர், பின்னால் ஃபிராய்ட். பாதிரியார், பின்னால் போப். அரசு, விஞ்ஞானம், மதம் மூன்றும் கேலியாகின்றன, நாம் சிரிக்கிறோம். பாதிரியார் மட்டும் இளம் உடலும் தளர்ந்த உடலும் கலப்பதை விவரமாக வர்ணித்து, குமட்டுகிறது என்கிறார். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த முதிய உடலைக் காமத்தோடு சேர்த்துப் பேசுகிற ஆள் படம் முழுவதிலும் இவர் ஒருவர்தான். படம் என்ன காட்டியது? விடிந்த பின் படுக்கையில் மோட் தூங்குகிறாள், பக்கத்தில் ஹெரால்ட் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருக்கிறான். அழகான காட்சி. ஆனால் குழந்தையின் காட்சி. பாதிரியாரின் அருவருப்பைக் கேலி செய்கிற படம், அவர் அருவருப்பாகச் சொன்னதைத் தன் கண்ணால் வேறு விதமாகப் பார்த்துக் காட்ட முன்வரவில்லை. முகச் சுருக்கம் வரை வந்த நேர்மை அங்கே நின்றுவிடுகிறது.

ஏன் என்று யோசித்தால், 79 என்ற எண்ணே அதற்குக் காரணம் என்று படுகிறது. அந்த வயதில் அவள் ஆசையின் எல்லையைக் கடந்தவளாக, ஏறத்தாழ ஒரு ஞானியாக, பாட்டியாக நமக்குப் பாதுகாப்பாகிவிடுகிறாள். நண்பர்கள் துணிச்சலின் உச்சம் என்று சொல்வது உண்மையில் ஒரு சௌகரியம். சங்கடமான வயது 79 இல்லை, 40, 45.

அந்த வயதுப் பெண் ஒருத்தி இந்தப் படத்திலேயே இருக்கிறாள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஹெரால்டின் தாய். விவியன் பிக்கிள்ஸ் நடித்தது. அவரும் பிறந்தது 1931இல், மிஸஸ் ராபின்ஸனாக வந்த பான்கிராஃப்ட் பிறந்த அதே வருஷம். கணவன் இல்லாத பெரிய வீடு. மகனுக்குப் பெண் தேட ஒரு நிறுவனம் அனுப்பிய கேள்வித்தாளை அவள் உரக்கப் படித்து, மகனைக் கேட்காமல், தானே பதில் எழுதிக்கொண்டு போகிறாள். கேள்விகள் மெல்ல மெல்ல அந்தரங்கமாகின்றன. அவள் தன் பதிலை எழுதுகிறாள். இது சிரிப்புக்காக வைத்த காட்சி. நானும் இரண்டு தடவை சிரித்தேன். மூன்றாம் தடவை, இந்தப் பெண்ணிடம் இத்தனை காலமாக யாரும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை போலிருக்கிறதே என்று தோன்றியது.

ஹெரால்ட் தன் பொய்ச் சாவுகளின் மூலத்தை மோடிடம் சொல்கிற இடம் படத்தின் உயிர்நாடி. பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் வெடிவிபத்து. அவன் செத்துவிட்டான் என்று நினைத்துப் போலீஸ்காரர்கள் தாயிடம் வந்து சொல்கிறார்கள். தப்பி வீட்டுக்கு வந்துவிட்ட அவன் மாடியிலிருந்து பார்க்கிறான். தாய் நெற்றியில் கையை வைத்து மயங்கிச் சாய்கிறாள். அப்போதே தனக்குச் செத்திருப்பது பிடித்துவிட்டது என்கிறான். சொல்லும்போது அழுகிறான். மோட் ஆறுதல் சொல்கிறாள். தாயின் மயக்கம் நாடகம் என்று நாம் எடுத்துக்கொள்ளவே எல்லாம் அமைந்திருக்கிறது. அதுவரை அவளைப் பொம்மையாகவே பார்த்துவந்திருக்கிறோம். ஆனால் அவள் உண்மையாகவே மயங்கியிருந்தால்? மகன் செத்தான் என்று கேட்டவள் சாய்ந்துவிழுவதில் என்ன நாடகம்? 79 வயதுக்காரியின் கையில் ஒரு விநாடி தெரிந்த எண்ணுக்காக அவள் சொன்னதை எல்லாம் திரும்ப எண்ணிப் பார்க்கச் சொன்ன இதே படம், 40 வயதுக்காரியின் ஒரு மயக்கத்துக்காக அவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை. 'கிராஜுவேட்'டில் அந்த வயதுப் பெண் பேய், இங்கே கோமாளி, பாலசந்தரிடம் தியாகி. மனுஷியாக எங்கும் இல்லை.

கடைசியாக, அந்தச் சாவு. 75 சீக்கிரம், 85 என்றால் வெறுமனே நாளை எண்ணுவது, 80தான் சரி என்பது மோடின் கணக்கு. நான் வங்கிக் கௌண்டரில் உட்கார்ந்திருப்பவன். நவம்பர் மாதம் முழுவதும் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கிறேன். ரேகை தேய்ந்து இயந்திரத்தில் விழாத கட்டைவிரலை மறுபடி மறுபடி வைத்துப் பார்க்கிற 85 வயதுப் பெண்மணிகளைப் பார்க்கிறேன். மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுகிறது. அந்த அற்பத் தொகைக்காகப் பிறந்த தேதியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மோட் தப்பித்துப்போனது இதிலிருந்துதான். அவள் தப்பித்ததால் ஹெரால்டும் தப்பித்தான், படமும் தப்பித்தது. படுக்கையில் விழுந்துவிட்ட 83 வயது மோடுக்கு 24 வயது ஹெரால்ட் கஞ்சி ஊட்டுகிற காலைப் பொழுது வராமலே போயிற்று.

நகைச்சுவைப் படத்திடம் இதைக் கேட்பது நியாயமா என்று கேட்கலாம். நகைச்சுவை கல்யாணத்தோடு முடிவது பழைய மரபு. மறுநாளைப் பற்றி அது பேசுவதில்லை. இந்தப் படம் கல்யாணத்தின் இடத்தில் சாவை வைத்தது. அந்த இடத்தை ஆஷ்பி பிரமாதமாகவே செய்திருக்கிறார். மருத்துவமனையும், மழையில் ஓடும் காரும், ஹெரால்டின் முகமும் மாறி மாறி வர, பேச்சு அடங்கி, பாட்டு மட்டும் கேட்கிறது. கார் பாறையிலிருந்து விழுகிறது. மேலே அவன் பாஞ்சோவோடு நிற்கிறான். என்னால் இன்றும் சும்மா பார்க்க முடியாத இடம் அது. ஆனால் மறுநாளைக் காட்டவே முடியாது என்று சொல்ல முடியாது. ஃபாஸ்பிண்டர் 1974இல் எடுத்த 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' படத்தில் 60 வயதை ஒட்டிய துப்புரவுத் தொழிலாளி எம்மியும், அவளைவிட வெகுவாக இளையவனான மொராக்கோக்காரன் அலியும் படம் பாதியை எட்டுமுன்பே மணந்துகொள்கிறார்கள். மளிகைக்கடைக்காரன் சாமான் தர மறுக்கிறான், மகன் தொலைக்காட்சிப் பெட்டியை எட்டி உதைக்கிறான். அவர்களெல்லாம் சமாதானமான பிறகுதான் உண்மையான பிரச்னை தொடங்குகிறது. எம்மியே தன் சிநேகிதிகளுக்கு அலியின் புஜத்தைத் தொட்டுப் பார்க்கக் காட்டுகிறாள். அவன் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்துத்தர மாட்டேன் என்கிறாள். பட்டறையில் ஒருவன் அவளை அவனுடைய பாட்டியா என்று கேட்க, அலியும் சேர்ந்து சிரிக்கிறான். துணிச்சல் என்று எனக்குப் படுவது இது. வெளியே இருக்கிற பாதிரியாரைக் கேலி செய்வது சுலபம். அலியின் அந்தச் சிரிப்பைக் காட்டுவது சுலபமல்ல.

'ஹெரால்ட் அண்ட் மோட்' பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள். பார்க்கும்போது, தாய் மயங்கிய கதையை ஹெரால்ட் சொல்கிற இடத்தில் மட்டும், அவன் கண்ணீரை நம்புகிற அளவுக்கு அவள் மயக்கத்தையும் நம்பிப் பாருங்கள். எனக்கு மூன்றாம் தடவைதான் அது முடிந்தது. அதன் பிறகு படம் எனக்கு முன்போல் இல்லை.