நீதிமன்றம் ஏறிய நகைச்சுவை

மேடையில் தனியொருவராக நின்று, ஒலிபெருக்கி ஒன்றையே துணையாகக் கொண்டு, பேசிப் பேசியே மக்களைச் சிரிக்க வைக்கும் கலை அமெரிக்க இரவு விடுதிகளில் வளர்ந்த கலையாகும். அக்கலைக்காகக் கைவிலங்கு பூண்டவருள் முதன்மையாக நினைக்கப்படுபவர் லென்னி புரூஸ். அவருடைய வாழ்க்கையை ராபர்ட் வைட் என்பார் பன்னிரண்டு ஆண்டுகள் முயன்று ஒரு விவரணப் படமாக்கி 1998இல் வெளியிட்டார். ‘ஸ்வேர் டு டெல் த ட்ரூத்’ என்பது அதன் பெயர். சாட்சிக் கூண்டில் ஏறுவோர் உண்மையே உரைப்பதாகச் செய்யும் சத்தியத்தை நினைவூட்டும் பெயர் அது. நடிகர் ராபர்ட் டி நீரோ பின்னணி உரை வழங்கியுள்ளார். ஆஸ்கர் பரிசுக்கும் இப்படம் பரிந்துரைக்கப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது வீட்டுக் கூடத்தில் சிறுவர் சிறுமியரோடு அமர்ந்து பார்க்கத் தக்க படமன்று. நாவில் எடுக்கக் கூசும் சொற்கள் இதில் உண்டு. அச்சொற்களைப் பற்றியதே படம் என்னும்போது அவற்றை நீக்கிவிட்டுப் படமெடுக்கவும் இயலாது.

1925இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் புரூஸ். தாயார் சாலி மார் தாமே மேடையேறிச் சிரிப்பூட்டியவர். படத்தில் அந்த அம்மையார் மகனைப் பற்றிப் பேசும் பகுதிகள் நெஞ்சில் நிற்கின்றன. மணமுறிவு பெற்ற மனைவியும் பேசுகிறார், மகளும் பேசுகிறார். புகழ்மாலை சூட்டப் பலர் வரிசையில் நிற்கும் வழக்கமான வாழ்க்கை வரலாற்றுப் படங்களைக் காட்டிலும், காயம்பட்ட வீட்டார் பேசும் இப்படத்திற்குக் கனம் கூடுதல்.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாக வகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று. பழிப்பை மறைத்து வைப்பது மற்றொன்று. புரூஸின் தொடக்ககால உரைகளில் இரண்டாவது வகையே மிகுதி. மார்க்க போதகர்கள் ஒன்றுகூடி, ஏதோ வணிகக் கழகத்தின் விற்பனைக் கூட்டம் போல் ஆலோசனை நடத்துவதாக அவர் கட்டிய கற்பனை 1959இல் இசைத்தட்டாகவும் வந்தது. இறைவனைப் பழிப்பது அதன் நோக்கமன்று. இறைவன் பெயரால் கடை விரிப்போரையே அது குத்துகிறது. அத்தகைய கடைகள் எந்தச் சமுதாயத்தில்தான் இல்லை!

பின்னர் அவர் மறைப்பைக் களைந்தார். இடக்கரடக்கல் என்று நம் இலக்கணம் பெயரிட்ட நாகரிகத்தையே அவர் வழக்குக்கு இழுத்தார். போரும் நிறவெறியும் கூச்சமின்றிப் பேசப்படும் நாட்டில், உடலைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும் ஏன் குற்றமாக வேண்டும் என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் இடக்கரடக்கல் எல்லாம் போலித்தனம் என்று அவர் எண்ணியதை நாம் ஏற்பதற்கில்லை. தாயும் மகனும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்குச் சொல்லிலும் ஒரு திரை வேண்டியிருக்கிறது. அத்திரையை நெய்ய வேண்டியது வீடா, காவல் நிலையமா என்பதே வழக்கு.

1961இல் சான் பிரான்சிஸ்கோவில் முதற் கைது; மறு ஆண்டு விடுதலை. அதன்பின் ஊர்தோறும் கைது. 1964இல் நியூயார்க்கில் நடந்த வழக்கே அவரை வீழ்த்தியது. படத்தின் உயிர்ப்பகுதியும் அந்த வழக்கே. விடுதியில் இருந்து குறிப்பெடுத்த அரசு அலுவலர் ஒருவர், நீதிமன்றத்தில் அக்குறிப்பைக் கொண்டு புரூஸின் உரையைத் தாமே நிகழ்த்திக் காட்டினார். ஏற்ற இறக்கமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. எஞ்சியவை வசைச் சொற்கள் மட்டுமே. வேறொருவர் பாழாக்கிய உரைக்காகத் தாம் சிறை செல்ல வேண்டுமா என்று புரூஸ் குமுறினார். சிரிப்பென்பது சொல்லில் மட்டும் இல்லை, சொல்லும் முறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மூன்று நீதிபதிகளுள் ஒருவர் மாறுபட, மற்ற இருவரும் குற்றவாளி என்றனர். தண்டனை நான்கு மாதச் சிறை. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் அவர் சிறை புகவில்லை. ஆனால் அவரை மேடையேற்றத் துணிந்த விடுதிகளோ அருகிவிட்டன.

வழக்கு அவருடைய கலையைத் தின்ற விதத்தைப் படம் இன்னும் நின்று காட்டியிருக்கலாம். 1965இல் சான் பிரான்சிஸ்கோ மேடையொன்றில் அவர் பேசியது முழுமையாகப் படமெடுக்கப்பட்டுள்ளது. அதில் அவர் வழக்குத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார். சிரிப்பு அங்கங்கே எழுந்து அடங்குகிறது. அந்தக் காட்சியைக் காண்போர் நகைப்பதா இரங்குவதா என்று திகைப்பர்.

போதைப் பழக்கத்தைப் படம் ஒளிக்கவில்லை. எனினும் அதற்குரிய பங்கை எடைபோடும் இடத்தில் இயக்குநரின் அன்பு தராசைச் சாய்த்துவிடுகிறது. 1966 ஆகஸ்ட் 3ஆம் நாள், நாற்பது வயதில், மார்ஃபின் மிகுதியால் அவர் மாண்டார். அதிகாரிகள் துரத்தினர் என்பது மெய். ஊசியை ஏந்திய கை அவருடையது என்பதும் மெய். இரண்டாவது மெய்யையும் உரத்துச் சொல்லியிருந்தால் முதலாவதன் வலிமை குன்றியிராது.

அவரோடு தண்டிக்கப்பட்ட விடுதி உரிமையாளரின் தீர்ப்பு 1968இல் தள்ளுபடியாயிற்று. வழக்கறிஞர்களை விலக்கித் தாமே வாதாடப் புகுந்த புரூஸின் முறையீடு முற்றுப்பெறாமையால், அவர்மீதான குற்றம் மட்டும் ஏட்டில் நின்றது. 2003 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் பட்டாக்கி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அம்மாநிலத்தில் மாண்டவர் ஒருவருக்கு வழங்கப்பெற்ற முதல் மன்னிப்பு அது. படம் அதற்கு ஐந்தாண்டு முன்பே முடிந்துவிட்டது. மகனுக்காகப் படத்தில் பேசிய சாலி மார் 1997இலேயே காலமாகிவிட்டார்.