ஒரு குழலில் ஒரு கூட்டம்

டிராம்போன் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1928இல் பிறந்த ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டார்ஃப் அதை மூன்று, நான்கு சுரங்களாக ஒலிக்க வைத்தார்.

உதடு அதிர்ந்து எழுப்புவது ஒரு சுரம். வாயை எடுக்காமலே தொண்டையால் குழலுக்குள் இன்னொன்றைப் பாடுவார். ஊதுவது நொடிக்கு 200 அதிர்வு, பாடுவது 300 என்றால், அவற்றின் வித்தியாசமான 100, கூட்டுத்தொகையான 500 ஆகியவையும் காதில் விழும். பாடும் குரல் இம்மி பிசகினாலும் எல்லாம் கலைந்துவிடும். மூச்சு, உதடு, தொண்டை, சறுக்குக்குழலை நகர்த்தும் கை, நான்கும் ஒரே காதுக்குக் கட்டுப்பட வேண்டும். என்ன உழைப்பு!

நாஜிகள் ஜாஸை ஒடுக்கிய காலத்தில், அண்ணன் எமில் வழியாகத்தான் அவருக்கு இந்த இசை அறிமுகமானது. எமிலை நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ கைது செய்தது. வயலின், கிதார் என்று தொடங்கிய தம்பி, போருக்குப் பிறகே டிராம்போனைக் கையில் எடுத்தார். 1958 முதல் ஹெஸ்ஸன் வானொலியின் ஜாஸ் குழுவை நடத்தினார். 1964இல் தன் ஐவர் குழுவோடு ஆசியாவைச் சுற்றினார். அதன் விளைச்சல் 'நவ் ஜாஸ் ராம்வோங்' இசைத்தட்டு. அமெரிக்க ஜாஸைப் பிரதியெடுப்பதோடு நிற்காத குழு அது என்பதற்கு அந்த ஒரு தட்டு போதும்.

1972இல் பதிவான 'டிராம்பேர்ட்ஸ்' தட்டில் அவர் மட்டுமே. துணைக்கு பியானோ இல்லை, பாஸ் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஆனாலும் வெறுமை தெரியாது. புதிதாகக் கேட்பவர்கள் 1976 பெர்லின் மேடையில் பதிவான 'ட்ரைலாக்'கில் தொடங்கலாம். ஜாகோ பாஸ்டோரியஸின் பாஸும் அல்ஃபோன்ஸ் மூஸானின் டிரம்ஸும் வேகம் பிடிக்க, டிராம்போன் அவசரப்படாமல் தன் சுரக்கூட்டங்களை நிதானமாக விரிக்கிறது. அந்த நிதானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.